வருமுன் காப்பவரை யார் காப்பது?

மெலிந்தால்தான் அழகு என்று பட்டினி கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். உண்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களும் உண்டு. இது பிடிவாதம் அல்ல, நோய். உயிரையே பறிக்கும் நோய்!

பீஜித் தீவில் பருத்த உடலைத்தான் அழகு என்று போற்றி வந்தார்கள். 1995-ம் ஆண்டு நட்ரோகா பகுதிக்கு டெலிவிஷன் வந்தது. உடல் மெலிய வாந்தி எடுப்பதாக அப்போது ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998-ல் 100-க்கு 11 பேர் சொன்னார்கள்!

இதைக் கண்டறிந்தவர் அமெரிக்க டாக்டர் ஆன் பெக்கர். படிக்கும் காலத்திலேயே பீஜிக்குச் சென்று ஆராயத் தொடங்கியவர். அதனால்தான் மாற்றம் அவர் கண்ணில் பட்டது.

தடுக்கவும் வழி உண்டு. மெலிவு மோகத்தை எதிர்த்து மாணவிகளையே பேச வைக்கும் பயிற்சி அமெரிக்காவில் நல்ல பலன் தந்திருக்கிறது. பல ஆண்டுகள் சோதித்த பிறகே இது தெரிந்தது.

ஆனால் இளம் ஆராய்ச்சியாளர் பலருக்கு ஓரிரு ஆண்டுக்குத்தான் உதவிப் பணம். அது தீர்ந்தால் வேறு வேலை தேடவேண்டும். ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும்.

குணமான நோயாளியைக் காட்டிப் பணம் கேட்கலாம். வராத நோயை எப்படிக் காட்டுவது?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்றே இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது. பயிற்சி மட்டும் போதாது. 5 ஆண்டுகளாவது கவலையின்றி உழைக்க அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது செலவு அல்ல; நம் பெண்களின் உயிருக்குக் காவல்!