விலகியவர்களா, விலக்கப்பட்டவர்களா?

அண்மையில் வடக்கில் நடைபெற்ற தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் வைபவம் ஒன்றில், பயிற்சியை இடைநடுவில் கைவிட்டுச் செல்லும் இளைஞர்களைப் பற்றி அதிகாரி ஒருவர் நீண்ட நேரம் குறைப்பட்டுக்கொண்டார். இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையாம். அரசாங்கம் இலவசமாகக் கற்பிக்கின்றது, அவர்களோ கைபேசியையும் மோட்டார் சைக்கிளையும் கட்டிக்கொண்டு அலைகின்றார்களாம். சபையிலிருந்தோர் தலையாட்டினர். அந்தப் பாடநெறிக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அன்று சான்றிதழ் பெறுகின்றவர்கள் எத்தனை பேர் என்ற ஒப்பீடு மட்டும் உரையின் எந்த இடத்திலும் வரவில்லை.

இந்த உரையை நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்திலிருந்து கேட்டு வருகின்றேன். அமைச்சர்கள் மாறினார்கள், அமைச்சுகளின் பெயர்கள் மாறின. உரை மாறவில்லை. இதனை நான் முற்றாக மறுக்கின்றேன். பதினேழு, பதினெட்டு வயதில் க.பொ.த சாதாரண தரத்துடனோ உயர்தரத்துடனோ பாடசாலையை விட்டு வெளியேறி, தானாகவே விண்ணப்பப் படிவம் நிரப்பி, நேர்முகப் பரீட்சைக்கும் வந்து சேர்ந்த ஒரு பிள்ளைக்குத் தொழில் கற்கும் ஆர்வம் இல்லை என்று எவ்வாறு சொல்வது? ஆர்வத்தோடுதான் வந்தான். வந்த பின்னர் அந்த ஆர்வத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் ஆராய வேண்டும்.

சட்டங்களுக்கும் கட்டமைப்புகளுக்கும் இந்நாட்டில் குறைவில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவானது. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிறுவப்பட்டது. ஒன்று முதல் ஏழு வரையான மட்டங்களைக் கொண்ட தேசிய தொழில் தகைமை முறைமையும் இருக்கின்றது. சாதாரண தரத்தோடு நின்ற ஒருவன் படிப்படியாகப் பட்டம் வரை ஏறலாம் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். தேசிய மட்டத்தில் சேர்ந்தோர், முடித்தோர் பற்றிய கணக்குகளும் திரட்டப்படுகின்றன. ஆயினும், 'இந்த நிலையத்தில் இந்தப் பாடநெறிக்குச் சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் இத்தனை பேர், முடித்தவர்கள் இத்தனை பேர்' என்று பெற்றோர் பார்க்கும்படி எழுதி வைத்த அறிவித்தல் பலகை ஒன்றை நான் சென்ற எந்த நிலையத்திலும் கண்டதில்லை. சேர்க்கை விளம்பரத்துக்கு மட்டும் மதிலெங்கும் இடமுண்டு.

வன்னியில் ஒரு நிலையத்தின் வரவு இடாப்பைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதற்பக்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் மாதத்துப் பக்கத்தில் சிவப்பு மையினாலான கோடுகள் தொடங்கின. அதன் பின்னர் பல வாரங்கள் பெரிய மாற்றம் இல்லை. பாடநெறி முடியும் தறுவாயில் மீண்டும் கோடுகள். தொடக்கத்தில் ஒரு கூட்டம், இறுதியில் ஒரு கூட்டம் என இரு தவணைகளில் பிள்ளைகள் போயிருக்கின்றார்கள். பொறுமையின்மைதான் காரணம் என்றால் அது எல்லா மாதங்களிலும் பரவிக் கிடந்திருக்க வேண்டாமா?

தொடக்கத்தில் போனவர்களுள் ஒருவனை அங்கிருந்து அதிக தூரமில்லாத கராஜ் ஒன்றில் சந்தித்தேன். மோட்டார் வாகனத் திருத்துநர் பாடநெறிக்குச் சேர்ந்தவன். முதல் ஆறு கிழமைகளும் கரும்பலகையிலிருந்து குறிப்பு எழுதியதாகச் சொன்னான். பாதுகாப்பு விதிகள், கருவிகளின் பெயர்கள், இயந்திரத்தின் படம். கழற்றிப் பார்ப்பதற்கு இருந்த ஒரேயொரு இயந்திரத்தைச் சுற்றி முழு வகுப்பும் நின்றதாம். "ஐயா, அங்க எழுதினன், இஞ்ச கழட்டுறன்" என்றான். அவனிடம் ஆர்வம் இல்லை என்று எந்த அதிகாரி சொல்வார்? அவன் தொழில் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றான். நாளைக்கு அவன் கொழும்பிலோ கட்டாரிலோ வேலை கேட்டுப் போனால் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் இருக்காது என்பதுதான் வேறுபாடு. அந்த இழப்பு நிலையத்தின் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். பயிற்சி இலவசம் என்பது கட்டணத்தைப் பொறுத்தவரை உண்மை. பஸ்ஸும் மதியச் சாப்பாடும் இலவசம் அல்ல. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் அதே ஆண்டு ஜூலையில் 40 ரூபாவைத் தொட்டது. பின்னர் அது குறைந்ததென்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளை எவரும் திரும்ப அழைத்ததாக நான் அறியவில்லை. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைக்கு ஒரு நாளில் நான்கு பயணச்சீட்டு. அதே வயதுடைய அயல்வீட்டுப் பொடியன் மேசனுக்குக் கையாளாகப் போய் மாலையில் காசோடு வீடு திரும்புகின்றான். தாயார் நுண்கடன் நிறுவனத்துக்குக் கிழமைக் கிழமை கட்ட வேண்டிய வீட்டில் இந்த ஒப்பீடு ஒவ்வொரு இரவும் நடக்கும். அவன் சோம்பேறியாகையால் விலகவில்லை, உழைக்க வேண்டியிருந்ததனால் விலகினான். நான் பேசிய பயிலுநர்களுள் சிலர் கொடுப்பனவு மாதக்கணக்கில் பிந்தி வந்ததாகவும் முறையிட்டனர். பிந்தி வரும் கொடுப்பனவைக் காட்டி நடத்துநரிடம் பயணச்சீட்டு வாங்க முடியாது.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. வகுப்பு நாலரைக்கு முடிகின்றது, ஊருக்குப் போகும் கடைசி பஸ் நாலேகாலுக்குப் புறப்படுகின்றது. அரை மணி நேரம் முன்னதாக வகுப்பைத் தொடங்கினால் தீர்ந்துவிடும் காரியம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் ஒரு பொறுப்பதிகாரி. அனுமதி கேட்டீர்களா என்றேன். பதில் இல்லை.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியானது. அதற்குப் பின்னரும் உயர்மட்டப் பாடநெறிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளை, சிங்களத்தில் மாத்திரம் விளங்கப்படுத்தும் போதனாசிரியரையும் ஆங்கிலத்தில் மாத்திரம் கிடைக்கும் கைந்நூலையும் எதிர்கொள்ள நேர்கின்றது. விளங்காத வகுப்பில் ஒரு பிள்ளை எத்தனை நாள் இருக்கும்?

இறுதிக் கட்டத்தில் போகின்றவர்களின் கதை எனக்கு அதிக கோபத்தைத் தருகின்றது. நிலையத்தில் கற்று முடித்த பின்னர் தொழிற்றலப் பயிற்சிக்காக ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகின்றார்கள். அங்கே முதலாளிக்குப் பிள்ளையின் வேலை பிடித்துவிடுகின்றது, சம்பளம் தந்து வைத்துக்கொள்கின்றார். மதிப்பீட்டுக்கான திகதி பிந்துகின்றது. திகதி வரும்போது விடுமுறை கிடைப்பதில்லை. முழுப் பயிற்சியையும் பெற்ற, வேலையும் கிடைத்த பிள்ளை, சான்றிதழ் இல்லாதவர்களின் வரிசையில் சேர்கின்றது. மதிப்பீட்டாளரைத் தொழிற்றலத்துக்கே அனுப்பினால் என்ன? ஞாயிற்றுக்கிழமையில் நடத்தினால் என்ன? மாணவரின் பொறுமையைப் பற்றிப் பேசுகின்றவர்கள் மதிப்பீட்டுத் தாமதத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இடைவிலகல் எங்கும் உள்ளதுதானே என்பார்கள். உண்டு. தொழிற்பயிற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஜேர்மனியிலேயே நான்கு பயிற்சி ஒப்பந்தங்களில் ஒன்றுக்கு மேல் இடையில் முறிகின்றது. ஆனால் அங்கே அதனை ஆண்டுதோறும் எண்ணி, தொழில் வாரியாகப் பகிரங்கமாக வெளியிடுகின்றார்கள். ஒப்பந்தம் முறிந்தவர்களில் பலர் வேறு நிறுவனத்தில் பயிற்சியைத் தொடர்கின்றார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்கின்றார்கள். பயிலுநருக்கு முதல் மாதத்திலிருந்தே நிறுவனம் ஊதியம் கொடுக்கின்றது. 2020இல் ஆகக்குறைந்த தொகையையும் சட்டத்தினால் நிர்ணயித்தார்கள். முதலாண்டுப் பயிலுநருக்கு அப்போது மாதம் 515 யூரோ. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தின் கட்டடங்களைப் பார்த்து நாம் பெருமைப்படுகின்றோம். ஜேர்மனியரிடமிருந்து பெற வேண்டியது கட்டடத்தோடு முடிந்துவிடவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடமும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் நீங்கள் திரட்டிய பணத்தில் தையல் இயந்திரங்களும் கணினிகளும் வந்திறங்குகின்றன. நன்றிக்குரிய செயல். படம் எடுத்து அனுப்புகின்றார்கள், பெயர்ப்பலகை திறக்கின்றார்கள். ஆறு மாதத்தின் பின்னர் அந்த இயந்திரங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கின்றார்கள் என்று எந்தச் சங்கமாவது கேட்டதுண்டா? இருபது இயந்திரங்களுக்குப் பதிலாகப் பத்தைக் கொடுத்து, மிகுதிப் பணத்தில் இருபது பிள்ளைகளின் பஸ் காசையும் மதிய உணவையும் பாடநெறி முடியும்வரை பொறுப்பேற்றால் பயன் கூடுதலாக இருக்கும். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

பயிற்சி நிலையங்கள் பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாளிலேயே பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்கலாம், பாதுகாப்பு விதிகளை வேலையோடு சேர்த்துச் சொல்லலாம். தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம். நான் பார்த்த இடங்களில் அது யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. ஏற்கனவே விலகித் தொழிலில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. முன்னர் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு தேசிய தொழில் தகைமை முறைமையிலேயே இருக்கின்றது. கராஜில் நான் சந்தித்த பையனுக்கு அதுபற்றி எவரும் சொல்லியிருக்கவில்லை. அவனுடைய தொலைபேசி இலக்கம் நிலையத்தில் உண்டு, சேர்க்கை விண்ணப்பப் படிவத்தில் அவனே எழுதிக் கொடுத்திருக்கின்றான்.