சுவர்களுக்கு மட்டும்தானா பாதுகாப்பு?

கொல்கத்தாவின் பாக்பஜாரிலும் பவானிப்பூரிலும் ஒரு நூற்றாண்டைக் கடந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. பச்சை வண்ண மரச் சன்னல்கள், சிவப்பு சிமெண்ட் தரை, தெருவை நோக்கிய திண்ணை, மொட்டை மாடியில் ‘சிலேகோட்டா’ என்று வங்காளிகள் அழைக்கும் சிற்றறை ஆகியவை இவ்வீடுகளின் அடையாளங்கள். எழுத்தர்களும் ஆசிரியர்களும், பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோரும் இத்தகைய வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். வேலை தேடி அந்நகருக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் குடியேறின.

இன்று இவ்வீடுகளின் முன் இரண்டு பாதைகளே வைக்கப்படுகின்றன. புரமோட்டர் வாங்கி இடித்து அடுக்குமாடி எழுப்புவது ஒன்று. மேல்தளத்தைப் புதுப்பித்து, பழமையின் அழகு என்று விலை பேசி, வசதி படைத்தோருக்கோ சுற்றுலாப் பயணிகளுக்கோ விடுவது மற்றொன்று. முதல் பாதையில் வீடு அழிகிறது. இரண்டாவதில் வீடு பிழைக்கிறது. இரண்டிலும் வாடகைதாரர் வெளியேறுகிறார்.

இடிப்புக்கு எதிரான குரல் நியாயமானது. எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015-இல் தொடங்கிய இயக்கம், அரண்மனைகள் மட்டுமல்ல, நடுத்தர வர்க்கத்தின் வீடுகளும் மரபுச் செல்வமே என்று வலியுறுத்தியது. லிட்டில் ரஸ்ஸல் தெருவில் இருந்த பழைய கெனில்வொர்த் விடுதியின் மரபுத் தரத்தை மாநகராட்சி கீழிறக்கியது; 2018-இல் அது இடிக்கப்பட்டது. ஒரு கோப்பின் குறிப்பை மாற்றினால் வரலாறு மனைநிலமாகிவிடும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. ஆனால், மரபுப் பட்டியல் கட்டடத்தின் வயதையும் அழகையும் கணக்கிடுகிறதே தவிர, உள்ளே யார் வாழ்கிறார் என்று கேட்பதில்லை.

பழைய வீடுகள் சிதைவதற்கு வாடகைதாரரே காரணம் என்று ரியல் எஸ்டேட் முதலாளிகள் பிரச்சாரம் செய்கின்றனர். குறைந்த வாடகையில் பராமரிப்பு கடினம் என்பது உண்மையே. ஆனால் வாரிசுகளின் பாகப்பிரிவினை வழக்குகளும், பழுதுபார்க்கப் பொதுக் கடனுதவி இல்லாமையும், வீட்டைவிட மனையின் விலை பலமடங்கு உயர்ந்ததும் அதே அளவு காரணங்களாகும். சிதையவிடுவதே லாபம் என்ற நிலையில் கூரையை யார் செப்பனிடுவார்? மாநகராட்சிச் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தம், ஆபத்தான கட்டடங்களை இடித்துக் கட்டக் கூடுதல் தளப்பரப்பை ஊக்கமாக அளித்தது. செப்பனிடுவோருக்கு இணையான ஊக்கம் எங்கே?

இடது முன்னணி அரசு 1981-இல் இயற்றிய தீக்கா குடிவாரச் சட்டம், நிலவுடைமையாளரின் உரிமையை அரசிடம் கொண்டுவந்து, பஸ்தி மக்களை வெளியேற்றத்திலிருந்து காத்தது. பழைய வீடுகளின் வாடகைதாரருக்கு அதே உறுதியோடு ஒரு பாதுகாப்பு அமையவில்லை என்பதையும், புரமோட்டர்களின் வளர்ச்சி அக்காலத்திலேயே தொடங்கியது என்பதையும் சுயவிமர்சனத்தோடு ஏற்க வேண்டும்.

குடியிருப்புப் பிரச்சனை குறித்து 1872-இல் எழுதிய எங்கெல்ஸ், முதலாளித்துவம் அதைத் தீர்ப்பதில்லை, ஏழைகளை வேறிடத்துக்குத் தள்ளிவிட மட்டுமே செய்கிறது என்று விளக்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் பழுப்பு மணற்கல் வீடுகள் காப்பாற்றப்பட்டன. உயர்ந்த வாடகையோ அங்கிருந்த கறுப்பின உழைக்கும் குடும்பங்கள் பலவற்றை வெளியேற்றியது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. இத்தாலியின் பொலோனா நகரில் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான நகராட்சி, 1973-இல் பழைய நகர்ப்பகுதிக்கென ஒரு திட்டம் வகுத்தது. உழைப்பாளர் வீடுகளைப் பொதுப்பணத்தில் செப்பனிடுவது, கட்டுப்படுத்திய வாடகையில் அதே மக்களைக் குடியமர்த்துவது என்பதே அதன் அடிப்படை. சொத்துடைமையாளரின் எதிர்ப்பால் திட்டம் சற்றுத் தளர்த்தப்பட்டது. எனினும் கட்டடத்தோடு மனிதரையும் காப்பதே மரபுப் பாதுகாப்பு என்ற கொள்கையை உலகுக்கு அளித்தது.

ஒன்றிய அரசு எதிர்த் திசையில் செல்கிறது. 2021-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வாடகையைச் சந்தையிடம் ஒப்படைக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்போருக்கு கொல்கத்தாவின் கதை அந்நியமானதல்ல.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மரபுப் பட்டியலில் வீட்டோடு குடியிருப்போரும் பதிவு செய்யப்பட வேண்டும். செப்பனிடுவதற்கு மாநகராட்சி நிதியம் வேண்டும். அந்நிதியைப் பெறும் உரிமையாளர் வாடகை வரம்பை ஏற்க வேண்டும். பணி முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பும் உரிமை வாடகைதாரருக்குச் சட்டப்படி வேண்டும். புதுப்பித்த மாடியில் பழைய குடும்பம் மீண்டும் விளக்கேற்றும்போதுதான் அந்த வீடு உண்மையில் காப்பாற்றப்பட்டதாகும்.