கோதுமையே பகையானால்

தில்லி வட்டாரத்தில் நூற்றில் ஒருவரைப் பிடித்திருக்கும் குடல் நோய், தெற்கே அபூர்வம். ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது.

தில்லிவாசியின் நாள் கோதுமையில் தொடங்கிக் கோதுமையில் முடிகிறது. காலையில் பராட்டா, மதியம் டப்பாவில் சப்பாத்தி, மாலையில் தெருமுனைச் சமோசா, இரவில் மறுபடியும் ரொட்டி. குருத்வாராவில் கையில் விழும் பிரசாதமும் கோதுமை அல்வாதான். ரொட்டி என்ற சொல்லுக்கே இங்கே பிழைப்பு என்று இன்னொரு பொருள் உண்டு. இப்படிப்பட்ட ஊரில், கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு குழந்தை தட்டைத் தள்ளிவிட்டால் அதை அடம் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். ஆனால் எல்லா நேரமும் அது அடம் அல்ல.

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் (எய்ம்ஸ்) குடல் நோய் நிபுணர் டாக்டர் கோவிந்த் மகாரியாவும் சகாக்களும் தில்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த கணக்கல்ல இது. மக்களிடையே சென்று 10,488 பேரை உட்படுத்திய ஆய்வு. முடிவு: 96 பேரில் ஒருவருக்கு சீலியாக் நோய். அதற்கு முன்பு, 2006இல், லூதியானாவில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 310 பேரில் ஒருவருக்கு நோய் இருப்பதாகச் சொல்லியிருந்தது. வெள்ளைக்காரர்களின் வியாதி என்று பாடப் புத்தகங்கள் ஒதுக்கிவைத்த ஒன்று, வட இந்தியாவில் ஐரோப்பாவுக்குச் சற்றும் குறையாத அளவில் இருக்கிறது.

இவ்வளவு பேருக்கு இருந்தும் வெளியே தெரியாததற்குக் காரணம், நோய் போடும் வேஷங்கள். ஓயாத வயிற்றுப்போக்கும் உப்பிய வயிறும் மெலிந்த கைகால்களுமாக வரும் குழந்தையை எந்த டாக்டரும் சந்தேகிப்பார். ஆனால் பலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்காது. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ரத்த சோகை மட்டும் மாறாது. வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டையாகவே ஒரு பையன் இருப்பான். ஒரு பெண் பருவமடைவது தள்ளிப்போகும். நடுத்தர வயதில் ஒருவருக்கு எலும்பு தேயும். இன்னொருவருக்குக் குழந்தைப் பேறு தடைப்படும். ஒவ்வொருவரும் வெவ்வேறு டாக்டரிடம் போவார்கள். யாரும் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

இதைக் கோதுமை அலர்ஜியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அலர்ஜி சத்தம் போட்டு வரும். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு முட்டும். அதை நடத்துவது ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள். சீலியாக் நோய் சத்தமில்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேலை செய்கிறது. இதில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது.

குற்றவாளி குளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாவு ரப்பர் போல இழுபடுவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அதன் உபயம். கோதுமையைத் தவிர பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதன் உறவுப் புரதங்கள் உண்டு. குளூட்டனை மனித ஜீரண நீர்களால் முழுமையாக நறுக்க முடியாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று எதற்கும் மசியாமல் மிஞ்சுகிறது என்பதை 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். பெரும்பாலோருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

கெடுதல் வருவது குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு. குடல் சுவரில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி இருக்கிறது. திசுக்களைச் செப்பனிடுவது அதன் வழக்கமான வேலை. அது குளூட்டன் துண்டின் வடிவத்தைச் சற்று மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு, டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மூலக்கூறில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த மூலக்கூறுகளின் வேலை, அன்னியப் பொருளை ஏந்திப் பிடித்து, எதிர்ப்புப் படையின் டி செல்களிடம் காட்டுவது. பார்த்த டி செல்கள் போர் முரசு கொட்டுகின்றன. அழற்சி கிளம்புகிறது. உணவுச் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலில் வெல்வெட் துணி போல நிற்கும் நுண்ணிய விரல்கள் ஒவ்வொன்றாக மழுங்கிக் கடைசியில் தரைமட்டமாகின்றன. அதன் பிறகு சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது.

தாக்குதல் குளூட்டனோடு நிற்பதில்லை. அந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. 1997இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பான் குழுவினர் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் நோயைப் பிடிக்க எளிய ரத்தப் பரிசோதனை கிடைத்தது.

அன்னியப் புரதங்களை அன்றாடம் சந்திக்கும் குடல் எல்லாவற்றோடும் சண்டைக்குப் போனால் மனிதன் பிழைக்க முடியாது. எதை விட்டுவைப்பது என்று அறிவதும் எதிர்ப்புச் சக்தியின் திறமைதான். அந்தப் பொறுமையைக் காவல் காக்கும் டி செல்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. சீலியாக் நோயாளியின் குடலில் கோதுமை விஷயத்தில் கைவிட்டுப் போவது அந்தப் பொறுமைதான்.

நோய்க்கும் ரொட்டிக்கும் உள்ள தொடர்பைப் பிடித்தவர் ஹாலந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் ஹாலந்து பட்டினி கிடந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. 1950இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

இந்தியாவில் இதே போன்ற ஒரு சோதனையைச் சாப்பாட்டுப் பழக்கமே நடத்தி வைத்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும், மகாரியா உள்ளிட்ட மற்றவர்களும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடம் இருந்தது, வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. ஆனால் நோய்க்கு இடம் தரும் டி.க்யூ. மரபணுவோ வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக வடக்கே ஒருவர் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம்.

கோதுமை மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட முடியாது. வடகிழக்கில் ஒருவர் சாப்பிட்டது 37 கிராம்தான்; தெற்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நோயின் அடையாளமோ பல மடங்கு. ஆக, வேறு தூண்டுதல்களும் இருக்க வேண்டும். 2017இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பானா ஜாப்ரி குழுவினர், சாதாரணமாக எந்தத் தீங்கும் செய்யாத ரியோவைரஸ் ஒன்று எலிகளின் குடலில் குளூட்டன் மீதான சகிப்பைக் குலைத்துவிடுவதைக் காட்டினார்கள். மரபணு விறகு, கோதுமை எண்ணெய் என்றால், தீக்குச்சி வேறெங்கிருந்தோ வருகிறது.

இருந்தாலும் விறகும் எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் வருவது தமிழர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் வளரும் தமிழ்க் குழந்தையின் மரபணு தெற்கத்தியது. சாப்பாடு பெரும்பாலும் வடக்கத்தியது. அதைச் சொந்த ஊரிலும் தவிர்க்க முடியாது. சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் இரவில் சப்பாத்தி. ஏகாதசி, அமாவாசை என்றால் அரிசிக்குப் பதில் கோதுமை ரவை உப்புமா. நெடுஞ்சாலையெங்கும் பரோட்டாக் கடை. ஆனால் தென்னாட்டு டாக்டருக்கு இந்த நோய் எளிதில் ஞாபகத்துக்கு வராது. தெற்கே அபூர்வம் என்று படித்தவர் அவர். ரத்த சோகைக்குக் குடல்புழு மருந்தும் டானிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சந்தேகம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. முதலில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதில் தெரிந்தால் எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து துளித் துளி சதை எடுத்துப் பார்ப்பது. ஒரே ஒரு நிபந்தனை: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று கோதுமையை விட்டுவிட்டு, உடம்பு லேசானதும் டாக்டரிடம் வருபவர்கள் உண்மையைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். நெருங்கிய ரத்த உறவினரில் சுமார் 7.5 சதவீதத்தினருக்கு நோய் இருப்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

மருந்து? இப்போதைக்கு ஒன்றுதான்: ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. மாற்று வழிக்கான முயற்சிகளில் தோல்விகள் அதிகம். தடுப்பூசி போன்ற ஒரு சிகிச்சை 2019இல் கைவிடப்பட்டது. குடல் சுவரின் இடுக்குகளை இறுக்கும் மாத்திரை ஒன்றின் பெரிய பரிசோதனை 2022இல் நின்றது. நம்பிக்கை தருவது, அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியையே முடக்கும் இன்னொரு மாத்திரை. ஆறு வாரம் தினமும் 3 கிராம் குளூட்டன் சாப்பிட வைக்கப்பட்ட நோயாளிகளின் குடலை அது பெருமளவு காப்பாற்றியது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதுவும் ரொட்டிக்கு அனுமதிச் சீட்டு அல்ல. தெரியாமல் உள்ளே போகும் துளிகளுக்கு எதிரான கேடயமாகவே அதைக் கருதுகிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பஞ்சாபிக் குடும்பத்தைவிடத் தமிழ்க் குடும்பத்துக்குப் பாதை சுலபம். இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் தமிழ்ச் சமையலறையிலும் ஒளிந்திருக்கும் எதிரிகள் உண்டு. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பது பலருக்குச் சட்டென்று உறைப்பதில்லை. மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். எல்லாவற்றையும்விட விஷமக்காரர் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கிறது. சோற்றை மட்டும் சாப்பிட்டும் குழந்தை தேறவில்லையே என்று தவிக்கும் தாய், சாம்பாரையும் ரசத்தையும் சந்தேகிக்கவே மாட்டார். டப்பாவின் பின்புறத்தைப் படிப்பதுதான் வழி. கோதுமை அரைத்த மில்லிலேயே அரிசியையும் அரைத்தால் அந்த மாவும் கெட்டது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் பொருளில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இந்த முத்திரையோடு விற்கும் விலையுயர்ந்த பிஸ்கட்டுகள் நோயாளிக்கு ஒரு வசதி, அவ்வளவே. நோய் இல்லாதவர் மெலிவதற்காக அவற்றை வாங்குவது வெறும் மோஸ்தர்.

சாப்பாடு சரியானால் குடல் மறுபடி முளைக்கிறது. சில வாரங்களில் வயிறு அடங்கும், சில மாதங்களில் ரத்தம் ஊறும், குழந்தை எடை போடும், உயரத் தொடங்கும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. பருவம் முடிந்து எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொண்ட பிறகு நோய் தெரிந்தால், ரத்த சோகை தீரும், தெம்பு திரும்பும்; இழந்த அங்குலங்களை மட்டும் எந்த டானிக்கும் திருப்பித் தராது. மூன்று மாத இரும்பு மாத்திரைக்கும் அசையாத சோகை, வருடம் தவறாமல் கதவில் கோடு போட்டும் ஏறாத உயரம் – இந்த இரண்டில் எது இருந்தாலும், அடுத்த பாட்டிலை வாங்குவதற்கு முன்பு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது.