குற்றஞ் சாட்டுபவரே தீர்ப்பும் கூறுவதா?

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள உழவர் பலர் அரச அனுமதிப்பத்திரக் காணியை நம்பியே வாழ்கின்றனர். நிபந்தனையை மீறினீர் என்று அறிவித்தல் விடுப்பவர் பிரதேச செயலாளர். விசாரித்து முடிவு கூறுபவரும் அவரே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வகுத்த முறை இது.

அதிகாரி நீதிபதியல்லர் என்று தட்டிக்கழித்தல் இனிச் செல்லாது. இலங்கைப் புடைவை வணிகர் நக்குடா அலியின் அனுமதிப்பத்திரத்தை அதிகாரி நீக்கிய வழக்கில், 1950இல் கோமறைக் கழகம் அவ்வாறே கூறிற்று. 1963இல் பிரபுக்கள் சபை அக்கருத்தை ஏற்க மறுத்தது. ஒருவரின் உரிமையைப் பறிக்குமுன் அவர் சொல்லைக் கேட்டேயாகல் வேண்டும்.

ஆனால், குறித்த நாளில் வராதவரின் அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம். உழவர் பெருமக்களே, சமுகமளித்துக் காரணங் காட்டுங்கள். தமிழிற் பதிவு கோருங்கள். முடிவு பாதகமாயின் காணி ஆணையாளரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். கற்றறிந்தோரே, அவர்களுக்குத் துணை நில்லுங்கள்!