கண்ணீருக்கு இடம் கிடைக்காது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்களிடையே ஒரு யோசனை வெகுநாளாகப் புழங்குகிறது. இளங்கலையில் மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) குறைந்துவிட்டதா? கவலைப்படாதே. தன்விளக்கக் கட்டுரையில் பட்ட பாட்டையெல்லாம் கொட்டு. வீட்டுச் சண்டை, மனச்சோர்வு, தூங்காத இரவுகள், எதையும் விடாதே. நானே அடிபட்டவன், அடுத்தவர் வலி எனக்குத்தான் தெரியும் என்று முடி. படிப்பவர் உருகிவிடுவார்.

உருகமாட்டார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனை எத்தனையோ விண்ணப்பங்களைக் கெடுத்திருக்கும்.

ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உளவியல் முதுநிலைச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், நல்ல விண்ணப்பத்தையும் கவிழ்த்துவிடும் தவறுகள் எவை என்று கேட்டிருந்தார்கள். தன் மனநலப் பிரச்சினையை விலாவாரியாக எழுதுவது, சொந்தக் கதையை அளவுக்கு மீறிச் சொல்வது, 'பிறருக்கு உதவவே பிறந்தேன்' என்று உருகுவது மூன்றுமே அந்தப் பட்டியலில் இருந்தன. மனநோய் மீதான களங்கத்தைத் துடைக்க வேண்டிய துறையே தன் நோயைச் சொன்னவரைத் தள்ளிவைப்பது வெட்கக்கேடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழுவின் தயக்கம் முழுக்கக் களங்கத்தால் வருவதும் அல்ல. ஆறாத காயத்தோடு வருபவர், எதிரே இருப்பவர் அழும்போது யாருடைய கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது நியாயமான கேள்விதான்.

பட்டவனுக்குத்தான் தெரியும் என்பதும் அப்படியே ஒப்புக்கொள்ளத் தக்கதல்ல. திமோதி ஆன்டர்சன் குழுவினரின் 2009 ஆய்வில், சிகிச்சையாளர்களுக்குச் சிக்கலான நோயாளிகளின் காணொளிகளைக் காட்டி, அந்தத் தருணத்தில் என்ன சொல்வார்கள் என்று பதிவுசெய்தார்கள். அதில் நன்றாகப் பதில் சொன்னவர்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அங்கே மதிப்பிடப்பட்டது அந்த நொடியில் சொன்ன பதில். பட்ட துன்பத்துக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

சரி, அழாமல் மதிப்பெண்ணையே தூக்கி நிறுத்தலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு 2.6 எடுத்தவர், பட்டத்துக்குப் பிறகு 15 கிரெடிட் படித்து அத்தனையிலும் 4.0 வாங்கினாலும் மொத்தம் 2.76-ஐத் தாண்டாது. பல இடங்களில் கேட்கும் 3.0 தொலைவிலேயே நிற்கும். அதற்காக அந்த 15 கிரெடிட் வீண் என்று நினைக்க வேண்டாம். புள்ளியியலும் பிறழ்நிலை உளவியலும் அண்மையில் படித்து 'ஏ' வாங்கியவரைக் குழு வேறு கண்ணோடு பார்க்கும். கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகக் கணக்கிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. முதல் பாதியில் 2.0, பின்பாதியில் 3.7 எடுத்தவர் மொத்தத்தில் 2.85தான். ஆனால் அங்கே அவர் 3.7 மாணவர். இதைத் தேடிப் பார்க்காமலே கண்ணீர்க் கட்டுரை எழுத உட்காருபவர்கள்தான் அதிகம்.

கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காக்ரெப் அமைப்பின் 2016 விதிகள், சேர்க்கையில் முதுநிலைப் படிப்புக்கான திறனோடு ஆலோசனை உறவை நன்றாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பையும் பார்க்கச் சொல்லியிருந்தன. அந்த இரண்டாவதற்கு ஆதாரம் கட்டுரையில் கிடைக்காது. நெருக்கடி உதவி எண்ணில் தன்னார்வலராக இருந்தவரைப் பற்றி, அவர் பேசுவதைக் காதால் கேட்ட மேற்பார்வையாளர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் கிடைக்கும். குறைந்த ஜி.பி.ஏ.வுக்குக் கட்டுரையில் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, எப்போது முடிந்தது, அதன்பின் வாங்கிய மதிப்பெண் என்ன.

கண்ணீரை நம்புபவர்கள் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதை யோசிப்பதே இல்லை. காக்ரெப் அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 60 கிரெடிட், 100 மணி நேர ஆரம்பக் களப்பயிற்சி, 600 மணி நேர இன்டர்ன்ஷிப். பெரும்பாலான இடங்களில் சராசரி 3.0-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, மீளாவிட்டால் வெளியே. வாங்கிய கல்விக்கடன் மட்டும் கூடவே வரும். முன்பு படிப்பைக் கெடுத்த காரணம் இன்னும் தீரவில்லை என்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்கவே வேண்டாம். ஓராண்டு தள்ளிப் போட்டு, மாலை நேரத்தில் புள்ளியியல் வகுப்பு ஒன்றில் சேருங்கள்.