அப்பாவின் ஈஸிசேர்

செட்டியார்பட்டி வீட்டு மொட்டை மாடியில் அப்பாவின் ஈஸிசேரை ஐப்பசி மழையில் மறந்து வைத்த மகானுபாவன் அடியேன்தான். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், நீலக் கோடு போட்ட துணி பூரா மிளகை இறைத்த மாதிரி கரும்புள்ளி.

"போகிக்கு ஆச்சு" என்றாள் வீட்டுக்காரி. அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதுதான் குத்தியது.

ராஜபாளையம் ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம். ஹெட்கிளார்க் "ப்ளீச்சிங் பவுடர்" என்றார். பக்கத்து ஸீட் நண்பர் "வினிகர்" என்றார். இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் என்ன என்று எனக்கொரு மேதாவி யோசனை. கெமிஸ்ட்ரி படித்த மைத்துனன் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"அத்தான், குளோரின் வாயு வரும்! 1915-ல் முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற சரக்கு!"

அப்புறம் அவன் சொன்னபடியே செய்தேன். துணியை நன்றாகக் காயவைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே பிரஷ்ஷால் தட்டினேன். பிறகு சோப்பு. பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அரை மணி நேரம் ஊறல். தேய்த்து, அலசி, மறுபடி வெயில். ப்ளீச் வெள்ளைப் பருத்திக்குத்தான் சரி. கலர் துணியில் கறையோடு கோடும் போய்விடும்.

மைத்துனன் ஒரு கதையும் சொன்னான். பூஞ்சை அழுக்கு இல்லையாம், சாப்பாட்டு ராமனாம். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணி மக்கிப் போனது. அதில் பிடிபட்ட ஒரு பூஞ்சைக்கு, ஆராய்ந்த எல்வின் ரீஸ் பெயரையே பின்னாளில் வைத்தார்கள். பருத்தி நூலைக் கரைக்கிற அந்த ஜாதி என்சைமை வைத்துத்தான் இப்போது ஜீன்ஸுக்கு வெளுத்த 'லுக்' கொடுக்கிறார்கள். நாமும் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறோம்!

முக்கால்வாசிக் கறை போய்விட்டது. "போதும்லே" என்று அப்பா ஆசையாகச் சாய்ந்தார்.

டர்ர்ர்!

கறை போயிருந்தது. நூல் அதற்கு முன்பே போயிருந்தது. துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, தாங்கிப் பிடித்துவிட்டேன். அப்பா இவ்வளவு லேசாக இருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துணிதானலே, மாத்திக்கலாம்" என்றார், என் தோளைப் பிடித்தபடி.

மாற்றியாச்சு. இப்போதெல்லாம் வானம் கறுத்தால் குடையைத் தேடுவதில்லை சார். முதலில் மாடிக்குத்தான் ஓட்டம்.