“பாப்பம்” எண்டு போடுற காசு

304இல கேள்வி முடிஞ்சால் கெட்ட கையையும் கடைசிவரை இழுக்கிறதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தோட ஒன்லைன் போக்கருக்குப் போறதுதான் எங்கட பெரிய பிழை. அங்க கையை விடலாம், நாங்கள் விடுறதில்லை.

நாலு ஸ்கோப்பன் சேர்ந்திட்டுது, ஒரு சீட்டுத்தான் பாக்கி. நடுவில 100 கிடக்குது, எதிராளி 50 போடுறான். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200. நட்டப்படாமலிருக்க நாலுக்கு ஒருதரம் வெல்லவேணும். ஆனா காணாத 46 சீட்டில ஸ்கோப்பன் 9தான், கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒருதரம். ஸ்கோப்பன் விழுந்தபிறகும் அவன் காசு போடுவான் எண்டு நம்பிக்கை இல்லாட்டி விடுங்கோ.

சின்ன மேசையில வெருட்டி விளையாடுறதும் வீண். எல்லாரும் “பாப்பம்” எண்டு காசு போடுவினம், ஆரும் பயப்பிட மாட்டினம். போதாததுக்கு, விளையாட்டை நடத்துறவனும் நடுக்காசில தன்ர பங்கை எடுப்பான்.

“சின்னக் காசுதானே” எண்டு கணக்குப் பாக்காதவை, காசு வச்சு விளையாடாமல் இருக்கிறதே நல்லம்.